என் தம்பி வாசிக்காத இசைத்தட்டு

என் தம்பிக்காக ஒருமுறை பொய்த் தந்தி வந்தது. அதை அனுப்பச் சொன்னவன் நான்.

இந்தத் தொடரில் மற்றவர்கள் எனக்குச் செய்ததை நிறைய எழுதிவிட்டேன். அறை தர மறுத்த வீட்டுக்காரி, என் பட்டத்தைப் பார்த்துச் சிரித்த அலுவலர், முதல் குளிர்காலம் எல்லாம் வந்து போய்விட்டன. நான் செய்ததை இந்த வாரம் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக் குசினி. சனிக்கிழமை காலை. பரஃபின் அடுப்பு எரிந்து சூடு வந்ததோ இல்லையோ, மணம் மட்டும் நன்றாக வந்திருந்தது. தம்பி சிவநேசன் மேசையில் இருந்து பாணுக்குச் சம்பல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மடியில் அவனுடைய மின்கிதார். ஒரு கடி, பிறகு கொஞ்சம் வாசிப்பு, பிறகு இன்னொரு கடி.

மின்சாரம் கொடுக்காத மின்கிதாரின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் மெல்லியதாக, அவசரமாக இருக்கும். இரண்டு வருடம் எங்கள் வீடு அந்தத் தூறலிலேயே விடிந்தது.

கதவு தட்டப்பட்டது. தந்தியை நான்தான் வாங்கினேன். உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டே பிரித்தேன். தெரியாதவன்போல் வாசித்தேன். பிறகு அவனிடம் நீட்டினேன்.

‘தாய் கடும் சுகவீனம். சிவநேசனை உடன் அனுப்பவும்.’

அவன் இரண்டு முறை வாசித்தான். விரல்களைக் காற்சட்டையில் துடைத்தான். கிதாரைச் சுவரோடு சாய்த்து வைத்தான்.

“அண்ணை, எப்ப பிளேன் இருக்கும்?”

“விசாரிக்கிறன்.”

படியில் பாதி ஏறியவன் திரும்பிப் பார்த்தான். “பத்து நாளிலை திரும்பி வர ஏலுமோ?”

அவன் ஏன் பத்து நாள் என்று கேட்டான் என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள் அவனுடைய குழு முதல் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு தொடங்க இருந்தது.

“முதல் போய்ச் சேர்,” என்றேன்.

கடைசிப் பிள்ளையின் கடமை

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன். அப்பா போனபோது நான் வைத்தேன். எங்களுக்கு நடுவில் இரண்டு சகோதரிகள், நேசன் கடைக்குட்டி. எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம்.

ஆகவே ‘அம்மா கடுமை’ என்று ஒரு தந்தி வந்தால் நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பலாம். அவனால் முடியாது. தாய்க்குக் கொள்ளி வைக்க வராத கடைசி மகன் என்று ஊர் பேசும் என்பதற்காக அல்ல. அம்மா அவனைச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவா. “எனக்குக் கொள்ளி வைக்கிறவன் எங்கை? சாப்பிட வரச் சொல்லு.” எங்கள் வீட்டில் அது ஒரு செல்லப் பேச்சு.

அந்தச் செல்லத்தைத்தான் நான் பயன்படுத்தினேன்.

யாழ்ப்பாணத்தில் ஊரோடு இருந்த மச்சான் குலம் என்பவனுக்கு நீல நிற எயர் லெட்டரில் எழுதினேன். நேசன் படிப்பை விடப் போகிறான், விசாவும் போய்விடும், ஒரு தந்தி அடித்துக் கூப்பிடு, அம்மாவுக்குச் சொல்லாதே. கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் பிடித்தது. மனம் மாறியிருந்தால் நானே தந்தி அடித்து நிறுத்தியிருக்கலாம். பத்து நாளும் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன்.

சேராத இரண்டு கூட்டம்

நேசன் வந்தது பார்மசி படிக்க. கிதார் வாசிக்கத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியாது. முதலில் ஈஸ்ட் ஹாமில் மூன்று பேர் கொண்ட ஒரு பங்க் ராக் குழுவில் வாசித்தான். தலையை ஒட்ட வெட்டி, கோட்டில் சட்டை ஊசி குத்திக்கொண்டு திரிந்தான். பவளம், என் மனைவி, அந்த ஊசியைக் கண்டு பொத்தான் அறுந்துவிட்டதாக நினைத்து ஒரு நாள் இரவோடு இரவாகத் தைத்து வைத்தாள். அவன் காலையில் எழுந்து நூலைப் பிரித்தான்.

பிறகு ஹெவி மெட்டல் குழு ஒன்றில் சேர்ந்தான். இசை தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒரே இரைச்சல்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று காணச் சகிக்காது. பங்க்காரருக்கு நன்றாக வாசிக்கத் தெரிவதே கொஞ்சம் வெட்கம். மூன்று நிமிடத்தில் கோபத்தைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மெட்டல்காரர் தோளுக்குக் கீழே தலைமயிர் வளர்த்து, ஆறு நிமிடம் ஏழு நிமிடம் என்று நீட்டி, விரல் வித்தை காட்டுவார்கள்.

ஒட்ட வெட்டிய தலையோடு நேசன் அங்கே போனபோது அவர்கள் சிரித்திருக்கிறார்கள். வாசித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றதாம்.

அந்தக் குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இது அவர்களுடைய கதையாகிவிடும். பின்னாளில் பெரிய மைதானங்களை நிரப்பியவர்கள் என்பது மட்டும் போதும்.

நான் பார்த்த ஒரே கச்சேரி

ஒரே ஒருமுறை போனேன். வேலை முடிந்து, கையில் பெட்டியோடு, ஒரு மதுச்சாலையின் பின்னறையில் சுவரோடு சுவராக நின்றேன். தரையில் பியர் ஊற்றிக் காலணி ஒட்டியது. அந்தக் காலத்தில் பின்னேரங்களில் எங்களைத் துரத்தி அடித்த வெள்ளைப் பையன்களின் முகங்கள் எப்படி இருக்குமோ, அப்படியான முகங்கள் நூறு அங்கே இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேசன் மேடையின் ஓரத்தில் நின்றான். நான் அவன் வலது கையையே பார்த்தேன். மற்றக் கிதார்காரனுடைய கை மேலும் கீழுமாகப் போய் வந்தது. இவனுடைய கை கீழ்நோக்கி மட்டும் அடித்தது, ஒவ்வொரு அடியும் கீழே, நம்ப முடியாத வேகத்தில். பங்க் குழுவில் பழகிய கை. நீண்ட தலைமயிர்க்காரர் அத்தனை பேரும் மூச்சிரைக்க அந்தக் கைக்குப் பின்னால் ஓடினார்கள். முன்னால் நின்றவர்கள் “நெஸ், நெஸ்” என்று கத்தினார்கள்.

அந்த நகரத்தில் பத்து வருடமாக இருந்தேன். என் பெயரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேலையிடத்தில் என் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

படிப்புக்காகவும் விசாவுக்காகவும் செய்தேன் என்று முப்பது வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் எயர் லெட்டர் வாங்கியது அந்தக் கச்சேரிக்கு அடுத்த நாள்.

கதவில் நின்ற டெரி

நேசன் போய் மூன்றாம் நாள் டெரி எங்கள் வீட்டுக்கு வந்தான். குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவன். மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. மழையில் நனைந்து, தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடந்தது. அம்மாவுக்கு எப்படி என்றுதான் முதலில் கேட்டான்.

பிறகு கேட்டான்: “நாங்கள் ஒலிப்பதிவை இரண்டு கிழமை தள்ளிவைக்கலாம். பேசிப் பார்த்துவிட்டோம். அதற்குள் வந்துவிடுவானா?”

“காத்திருக்க வேண்டாம்,” என்றேன். “அவன் இனி வரமாட்டான். உங்களிடம் சொல்லிவிடச் சொன்னான்.”

உள்ளே வரச் சொல்லவில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

நேசன் ஊரில் நான்கு மாதம் நின்றான். திரும்பி வந்தபோது இசைத்தட்டு வெளிவரும் தறுவாயில் இருந்தது. அவர்கள் காத்திருக்கவில்லை என்று அவன் நினைத்தான். அவன் கைவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒருவரையொருவர் தேடவில்லை. அவன் படித்து முடித்தான், இல்ஃபோர்டில் பார்மசி வைத்தான், கல்யாணம் செய்தான். தலைமயிர் தானாகவே போயிற்று.

இந்த வருடம்

இந்த வருடத்தின் முன்பாதியில் எங்கள் வீடுகளில் பாட்டுக் கேட்டவர்கள் குறைவு. தொலைபேசியைச் சுற்றி இருந்தோம். பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். மே மாதத்தில் ஊரில் போர் முடிந்த பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. நூல்நிலையத்துக்குப் போய், கைக்கு வந்ததை வாசித்துக்கொண்டிருப்பேன்.

அங்கே ஓர் இசைப் பத்திரிகையில் அந்த முதல் இசைத்தட்டைப் பற்றி ஆறு பக்கம். முப்பதாம் ஆண்டுக்கு மறுபதிப்பு வருகிறதாம். கட்டுரையாளருக்கு ஒரே குழப்பம். இவர்களுடைய பின்னைய தட்டுகள் எல்லாம் நீளமும் கம்பீரமுமாக இருக்க, முதல் தட்டு மட்டும் ஏன் பங்க் மாதிரித் தலைதெறிக்க ஓடுகிறது? பாடகர் கோபமாகப் பதில் சொல்லியிருந்தார்: எங்களுக்கும் பங்க்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அந்தச் சத்தத்தையே வெறுத்தோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த நான் நூல்நிலையத்துக் கதிரையில் இருந்தேன்.

இசைத்தட்டு நிறுவனத்தின் விலாசத்துக்கு டெரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. ரொம்ஃபோர்டில் அவன் வீட்டுக்குப் போனேன். குழுவை விட்டு எப்போதோ விலகியிருந்தான். மெலிந்து, முழங்கால் இரண்டும் கெட்டுப்போய், பூனையோடு இருந்தான்.

“கதவில் நின்றவர் நீங்கள்தானே,” என்றான்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டான். எழுந்து இசைத்தட்டைப் போட்டான். மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் அந்தத் தூறல் வந்தது. எங்கள் குசினித் தூறல், மின்சாரம் கொடுத்தபடி. ஆனால் வாசித்தது வேறு ஆள்.

“நெஸ் வாசித்த ஒத்திகை கசெட்டைப் புதிதாக வந்தவன் போட்டுப் போட்டுக் கேட்டுப் படித்தான்,” என்றான் டெரி. “எங்களிடம் ஆறு நிமிடப் பாட்டு இருந்தது. நெஸ் வந்து மூன்று நிமிடமாக்கினான். ‘உங்களுக்கு பஸ் தவறிவிடும் என்று நினைத்து வாசியுங்கள்’ என்பான். ஒரு போஸ்ட்கார்டாவது போடுவான் என்று பார்த்தேன். எத்தனையோ வருடம் அவன் மேல் கோபமாக இருந்தேன்.”

மறுபதிப்போடு ஒரு சிறுநூல் வருகிறது, டெரியும் அதற்கு எழுதுகிறான். அதில் தம்பியின் பெயரைப் போட முடியுமா என்று கேட்டேன். போடுவதாகச் சொன்னான். “ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். கதவடியில் நடந்ததையும்.”

சம்மதித்தேன்.

பவளம் சொன்னது

பவளத்துக்குத் தந்தி விஷயம் அந்த நாளே தெரியும். நான் சொல்லாமலே தெரிந்துகொண்டாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள், நான் இல்ஃபோர்டுக்குப் புறப்பட்டபோது. “பாட்டுக் கதையை மட்டும் சொல்லுங்கோ. தந்தியை விடுங்கோ.”

“அரைவாசி சொல்லி என்ன பிரயோசனம்?”

“மற்ற அரைவாசி ஆருக்கு? உங்களுக்கு நித்திரை வாறதுக்கோ?”

சப்பாத்தைக் காலில் மாட்டினேன்.

நேசன் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அவன் மனைவியும் மகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். டெரி அனுப்பிய அச்சுத் தாள்களை மேசையில் வைத்தேன். நேசன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தான். நடுவில் ஒருமுறை சிரித்தான்.

“டெரி இன்னும் உயிரோடை இருக்கிறானே. பஸ் கதையை மறக்கேல்லை, பாருங்கோ.”

பிறகு அந்த வரிக்கு வந்தான். “கதவிலை நிண்டு இப்பிடிச் சொன்னனீங்களோ?”

“ஓம்.”

தாள்களை ஒழுங்காக அடுக்கினான். நான் நாற்பது தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு வந்த கோபம் வரவில்லை.

“விடுங்கோ அண்ணை. அவங்கள் ரெண்டு கிழமை பொறுத்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டன். அம்மா கிடந்த கிடைக்கு ஆர் விட்டிட்டு வருவினம்? நாலு மாசம் நிண்டனான். ஒரு றெக்கோட்டுத்தானே. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

தேநீர் வந்தது. அவன் எனக்குச் சீனி போடாமல் கொண்டுவந்திருந்தான். எனக்குச் சலரோகம் என்பதை மறப்பதில்லை. மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கோப்பையில் இருந்தது. அதைக் குடித்துவிட்டு நான் எழும்பியிருக்கலாம்.

“தந்தியும் நான்தான்,” என்றேன்.

“என்ன தந்தியும்?”

“குலத்துக்கு எழுதி நான்தான் அடிப்பிச்சனான். அம்மாவுக்கு ஒண்டும் இல்லை.”

அவன் சிரித்தான், நான் ஏதோ பகிடி விடுவதுபோல். “என்ன கதை கதைக்கிறியள்? அம்மா கட்டிலிலை கிடந்தவ. நான் கண்டனான்.”

“அது தொய்வு, மூச்சிழுப்பு. மாரி வந்தால் ஒவ்வொரு வருசமும் ரெண்டு கிழமை கிடப்பா. நீ சின்னனிலை கண்டிருப்பாய்.”

“மூண்டு நாளாப் பச்சைத் தண்ணி பல்லிலை படேல்லை எண்டு குலம் மச்சான் சொன்னவர்.”

“தந்தி பிழையெண்டு நீ நினைக்கக் கூடாதெண்டு சொல்லியிருப்பான்.”

“கஞ்சி நான் பருக்கினாப் பிறகுதான் எழும்பினவ.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முப்பது வருடம் அவன் ஓர் இசைத்தட்டை இழந்த மனிதனாகத்தான் என் கண்ணில் இருந்தான். அவனோ தன்னை அப்படி நினைக்கவே இல்லை. கையில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுப் போய், செத்துக்கொண்டிருந்த தாயை எழுப்பியவன் அவன். அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தா. அந்தப் பதினொரு வருடமும் அவன் கையால் பருக்கிய கஞ்சியில் வந்தது என்று நம்பியிருந்தான். அதற்கு விலை ஓர் இசைத்தட்டு என்றால் அவனுக்கு அது பெரிதே இல்லை.

அம்மா உண்மையிலேயே போனபோது யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை. செய்தி வந்து சேரவே ஒன்பது நாள் ஆனது. கொள்ளியைக் குலத்தின் மகன் வைத்தான்.

“கடைசிக்குப் போகாட்டிலும்,” என்றான் நேசன், மெதுவாக, கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “அந்த ஒருக்கால் தேவைப்பட்ட நேரத்திலை போனனான் எண்டிருந்தன் அண்ணை.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். தண்ணீர் கனநேரம் ஓடியது. வரும்போது அச்சுத் தாள்களை எடுத்து என் கையில் தந்தான்.

“இதைக் கொண்டு போங்கோ. எனக்கு வேண்டாம்.”

25ஆம் இலக்க பஸ்ஸில் அந்தத் தாள்கள் என் மடியில் இருந்தன. அவன் பெயர் அழகாக அச்சாகியிருந்தது.

புரட்டாதியில்

அம்மாவின் திவசம் புரட்டாதியில் வரும். எங்கள் வீட்டில்தான் செய்வோம். கடைசி மகன் என்பதால் நேசன்தான் தர்ப்பை போட்டு இருப்பான். இந்தமுறை வருவானோ என்று எனக்குச் சந்தேகம். தொலைபேசி எடுக்கவும் துணிவு வரவில்லை.

வந்தான். மனைவியையும் மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு, ஐயர் வரமுன்பே வந்தான். எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தான். பிண்டம் வைக்கும்போது அவன் கை நிதானமாக இருந்தது. என்னோடு தேவைக்குப் பேசினான். “தண்ணிச் செம்பை இஞ்சாலை தள்ளுங்கோ அண்ணை.” அவ்வளவுதான்.

இலை போட்டோம். ஒவ்வொரு வருடமும் இந்தச் சாப்பாட்டில் அவன் ஒரு கதை சொல்லுவான்; பிள்ளைகள் அதற்கென்றே காத்திருப்பார்கள். தந்தி வந்தது, பிளேன் ஏறியது, கொழும்பில் ரயில் தவறியது, அம்மா கண்ணைத் திறந்தது. என் பேத்தி தாரிணிக்கு ஒன்பது வயது. ரயில் வரும் இடத்தை அவளே முந்திச் சொல்லிவிடுவாள்.

“சின்னத் தாத்தா,” என்றாள், “அந்த பிளேன் கதை.”

நேசன் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“அதை உங்கடை தாத்தாட்டைக் கேளுங்கோ பிள்ளை. அவருக்குத்தான் முழுக்கத் தெரியும்.”

பவளத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிள்ளைகள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவன் குரலில் ஏளனம் இல்லை; இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சொன்னேன். எயர் லெட்டரில் தொடங்கி, நடந்த ஒழுங்கிலேயே சொன்னேன். கச்சேரிக்கு அடுத்த நாள் என்பதையும் சொன்னேன். ரயில் தவறிய இடத்தில் தாரிணி சிரிக்கவில்லை.

ஆரணி தன் தகப்பனைப் பார்த்தாள். “அப்பா, டிட் யூ நோ?”

“இப்ப தெரியும்,” என்றான்.

தாரிணிக்கு இன்னும் விளங்கவில்லை. “அப்ப அந்தப் பாட்டிக்குச் சாகிற வருத்தமோ இல்லையோ?” என்று என்னிடம் கேட்டாள்.

எல்லோரும் இருந்தார்கள். அவனும் இருந்தான்.

“இல்லை,” என்றேன்.

நேசன் இலையை விட்டு எழும்பவில்லை. “அண்ணி, கொஞ்சம் ரசம் விடுங்கோ,” என்றான். பவளம் விட்டாள். அவன் குனிந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான்.